பெருந்தமனி முழுக்க வீங்கியிருந்தால்: ஆபரேஷனும் அதற்குப் பிறகான ஆண்டுகளும்

பெருந்தமனியில் ஓர் இடத்தில் மட்டும் வீக்கம் என்றால் வைத்தியம் ஓரளவு நேரானது. அந்தத் துண்டை எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைத்துத் தைப்பார்கள். அல்லது தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட்டை (துணி போர்த்திய கம்பிவலைக் குழாய்) அனுப்பி, உள்ளே புறணி போட்டுவிடுவார்கள். ஆனால் சிலருக்கு இதயத்தை விட்டு வெளியே வரும் இடத்திலிருந்து இடுப்பு வரைக்கும் பல பகுதிகளில் வீக்கம் இருக்கும். அவர்களுக்கு "ஒரு ஆபரேஷன், அதோடு முடிந்தது" என்ற பேச்சே கிடையாது. இரண்டு மூன்று கட்டங்களாக அறுவை சிகிச்சை, நடுவில் காத்திருப்பு, அப்புறம் ஆயுள் முழுக்க ஸ்கேன். இது ஏன் இப்படி, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே என்னதான் செய்கிறார்கள், வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

குழாயும் அதன் சுவரும்

இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்படும் பெருந்தமனி முதலில் மேல்நோக்கி ஏறும். கழுத்துக்குக் கீழே வளைந்து, தலைக்கும் கைகளுக்கும் கிளை கொடுத்துவிட்டு, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கும். உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் வந்ததும் கல்லீரல், இரைப்பை, குடல், சிறுநீரகங்களுக்குக் கிளைகள் பிரியும். தொப்புள் உயரத்தில் தானே இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிப் போய்விடும். ஏறு பகுதி, வளைவு, மார்பின் இறங்கு பகுதி, வயிற்றுப் பகுதி என்று நான்காகப் பிரித்துத்தான் டாக்டர்கள் பேசுவார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டும் அந்த வரிசையில்தான் இருக்கும்.

இயல்பான அகலம் ஏறு பகுதியில் சுமார் 3 செ.மீ., வயிற்றில் சுமார் 2 செ.மீ. வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து முன்பின் இருக்கும். இயல்பைப்போல ஒன்றரை மடங்கு அகன்றுவிட்டால் அது அன்யூரிசம். வயிற்றில் 3 செ.மீ. தொட்டாலே ரிப்போர்ட்டில் அந்தப் பெயர் வந்துவிடும்.

தமனியின் சுவருக்கு மூன்று அடுக்குகள். உள்ளே வழவழப்பான மெல்லிய படலம், வெளியே ஓர் உறை, நடுவில் எலாஸ்டின் என்ற மீள்தன்மையுள்ள புரத இழைகளும் தசைச் செல்களும் சேர்ந்த தடித்த அடுக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து, பழைய அளவுக்குத் திரும்பி வருவது அந்த நடு அடுக்கின் வேலை. எலாஸ்டின் ஒருமுறை சிதைந்துவிட்டால் உடம்பால் அதைப் பழைய தரத்தில் திரும்பச் செய்துகொள்ள முடியாது. அதனால்தான் வீங்கிய தமனியைச் சுருங்க வைக்க மருந்து எதுவும் இல்லை. மருந்தால் முடிவதெல்லாம் வீக்கத்தின் வேகத்தைக் குறைப்பதுதான்.

இதோடு இயற்பியலும் சேர்ந்துகொள்கிறது. குழாயின் ஆரம் கூடக்கூட, அதே ரத்த அழுத்தத்திலும் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை கூடும். டயர் கிழிசல் வழியாகப் பிதுங்கும் சைக்கிள் டியூபைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிதுங்கப் பிதுங்க ரப்பர் மெலியும், மெலிய மெலிய இன்னும் சுலபமாகப் பிதுங்கும். டாக்டர்கள் மில்லிமீட்டர் கணக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் இதுதான்.

ஏன் சிலருக்கு மட்டும் நெடுகிலும்?

புகைபிடித்தல், உயர் ரத்த அழுத்தம், வயது, தமனிச் சுவரில் கொழுப்புப் படிதல் ஆகியவற்றால் வரும் வீக்கம் பெரும்பாலும் வயிற்றுப் பகுதியிலோ மார்பின் இறங்கு பகுதியிலோ வரும். வயிற்று அன்யூரிசம் வருவதற்குப் புகையிலையைவிடப் பெரிய காரணம் இல்லை.

இளம் வயதிலேயே பல இடங்களில் வீக்கம் என்றால் மரபணுவைச் சந்தேகிக்க வேண்டும். மார்ஃபான் நோயில், இணைப்புத் திசுவுக்கு வேண்டிய ஃபிப்ரில்லின் புரதத்தைச் செய்யும் எஃப்.பி.என்.1 மரபணுவில் கோளாறு இருக்கும். உயரமான மெலிந்த உடல், நீண்ட விரல்கள், கண்ணின் லென்ஸ் இடம் நகர்வது எல்லாம் அதன் அடையாளங்கள். 2005-இல் தனி நோயாக விவரிக்கப்பட்ட லோயிஸ்–டீட்ஸ் நோய் இதைவிட மோசம். அதில் தமனி சிறிய அளவிலேயே கிழிந்துவிடலாம், தலைக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களும் பாதிக்கப்படலாம். தமனிச் சுவர் அழற்சியான தகயாசு நோயும் இந்தப் பட்டியலில் உண்டு. அது ஆசிய நாடுகளில், குறிப்பாக இளம் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. தகயாசுவில் குழாய் குறுகுவதுதான் வழக்கம், என்றாலும் சிலருக்கு அகலவும் செய்யும்.

நடைமுறையில் நிறையப் பார்க்கும் காரணம் இன்னொன்று: பழைய டைசெக்‌ஷன். உள் அடுக்கில் ஒரு கிழிசல் விழுந்து, ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து, தமனி நெடுகிலும் இரண்டாவது பாதை ஒன்றை உண்டாக்கிவிடும். ஏறு பகுதியில் இது நடந்தால் அவசரமாக அறுவை சிகிச்சை செய்து அந்தப் பகுதியை மாற்றுவார்கள். உயிர் பிழைத்துவிடும். ஆனால் கீழே இடுப்பு வரை போன கிழிசல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பொய்ப்பாதை எனப்படும் அந்த இரண்டாவது பாதையின் சுவர் மெல்லியது, வருடக்கணக்கில் மெதுவாக அகன்றுகொண்டே போகும். ஐந்தாறு வருடம் கழித்து முதுகு வலிக்கிறது என்று வந்து, மார்பிலிருந்து வயிறு வரை வீக்கம் என்று தெரியவருவது இப்படித்தான். முதல் ஆபரேஷனோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து ஸ்கேனை விட்டவர்கள் இந்த வகையில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இருக்காது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும். சிலருக்கு வீக்கம் பக்கத்தில் இருப்பவற்றை அழுத்துவதால் குரல் கம்மலாம், விழுங்கச் சிரமமாக இருக்கலாம், வறட்டு இருமல் வரலாம். திடீரென்று மார்பிலோ முதுகிலோ வயிற்றிலோ கிழிக்கிற மாதிரி வலி வந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. வாயுப் பிடிப்பு என்று கஷாயம் குடித்துக்கொண்டிருக்கும் நேரமில்லை அது.

செலோஃபேனிலிருந்து டேக்ரான் வரை

1948-இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டீனுக்கு வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம் கண்டுபிடிக்கப்பட்டபோது மாற்றிவைக்கக் குழாய் எதுவும் இல்லை. ருடால்ஃப் நிஸ்ஸென் என்ற அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்து, வீக்கத்தைச் சுற்றி செலோஃபேன் தாளைச் சுற்றினார். அந்தத் தாள் எரிச்சலை உண்டாக்கி, சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து சுவரைத் தாங்கிப் பிடிக்கும் என்பது கணக்கு. ஐன்ஸ்டீன் அதன்பின் ஆறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது மறு அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

இடையில் 1951-இல் பாரிஸில் ஷார்ல் துபோஸ்ட், இறந்தவர் ஒருவரிடமிருந்து எடுத்த தமனியைப் பொருத்தி வயிற்று அன்யூரிசத்தை மாற்றிக் காட்டியிருந்தார். ஆனால் அப்படிக் கிடைக்கும் தமனிகள் எத்தனை பேருக்குப் போதும்? ஹூஸ்டனில் இருந்த மைக்கேல் டிபேக்கி துணிக்கடைக்குப் போய் டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணி வாங்கிவந்து, வீட்டுத் தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்துப் பார்த்தார். அவர் கேட்டுப் போனது நைலான், அது தீர்ந்துபோயிருந்ததால்தான் டேக்ரான். அதிர்ஷ்டம்தான், ஏனென்றால் நைலான் உடம்புக்குள் நாளாவட்டத்தில் வலுவிழந்துவிடும். இன்றைக்கும் திறந்த அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் வைப்பது டேக்ரான் குழாய்தான். 2005 டிசம்பர் 31 அன்று டிபேக்கிக்கே டைசெக்‌ஷன் வந்தது. 2006 பிப்ரவரியில், 97 வயதில், அவருடைய மாணவர்கள் அவருக்கு அதே மாதிரிக் குழாயை வைத்தார்கள். 2008 வரை இருந்தார்.

எப்போது கத்தி வைப்பது?

வெடிக்கும் ஆபத்து அறுவை சிகிச்சையின் ஆபத்தைத் தாண்டும்போது. அவ்வளவுதான் கணக்கு. ஏறு பகுதியில் பொதுவாக 5.5 செ.மீ. எல்லை, அனுபவமுள்ள மையங்களில் 5 செ.மீ.யிலேயே செய்யலாம். மார்ஃபான் நோய் இருந்தால் 5, குடும்பத்தில் யாருக்காவது கிழிந்திருந்தால் 4.5. லோயிஸ்–டீட்ஸில் இன்னும் முன்கூட்டியே யோசிப்பார்கள். மார்பின் இறங்கு பகுதிக்கு 5.5, மார்பும் வயிறும் சேர்ந்த நீண்ட வீக்கத்துக்கு 6, வயிற்றில் மட்டும் என்றால் ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5. அளவு எட்டாவிட்டாலும் ஒரே வருடத்தில் 5 மி.மீ. வளர்ந்திருந்தாலோ, வலி இருந்தாலோ காத்திருக்க மாட்டார்கள்.

குள்ளமான ஒருவருக்கு 5 செ.மீ. என்பதும் ஆறடி உயரக்காரருக்கு 5 செ.மீ. என்பதும் ஒன்றல்ல. அதனால் உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் வழக்கமும் வந்திருக்கிறது. நம் ஊர் பெண்களுக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன். எல்லா எல்லைகளும் பெரும்பாலும் மேலை நாட்டு உடல்களை வைத்துப் போடப்பட்டவை.

மேலேயா முதலில், கீழேயா?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாதா என்று குடும்பத்தார் கேட்பது நியாயமான கேள்வி. முடியும், சில இடங்களில் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் உடம்பு தாங்குவது கஷ்டம். ஏறு பகுதிக்கும் வளைவுக்கும் நெஞ்செலும்பை நடுவில் பிளந்து போக வேண்டும். இறங்கு பகுதிக்கும் வயிற்றுக்கும் இடது விலாப்பக்கமாகப் போக வேண்டும். அதனால் வழக்கமாக முதலில் மேலே. கீழே இருக்கும் வீக்கம் வலி தந்தாலோ வெடிக்கிற நிலையில் இருந்தாலோ வரிசை மாறும்.

வளைவை மாற்றும்போது மூளைக்குப் போகும் மூன்று கிளைகளும் அங்கேதான் இருக்கின்றன என்பது பெரிய சிக்கல். இதய நுரையீரல் இயந்திரத்தால் உடம்பையே குளிரவைத்து, ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வேலை செய்யும் வழியை 1975-இல் ராண்டல் க்ரீப் விவரித்தார். குளிர்ந்த மூளைக்கு ஆக்ஸிஜன் குறைவாகப் போதும். இப்போது அந்த அளவுக்குக் குளிரவைக்காமல், மூளைக்கு மட்டும் தனிக் குழாய் வழியே ரத்தம் அனுப்பிக்கொண்டே தைக்கிறார்கள்.

அடுத்த கட்டத்துக்கு வழி வைத்துவிட்டு வருவதுதான் இதில் சாமர்த்தியம். ஹனோவரில் ஹான்ஸ் போர்ஸ்ட் 1983-இல் வெளியிட்ட முறைக்கு யானைத் தும்பிக்கை என்று பெயர். வளைவுக்கு வைக்கும் டேக்ரான் குழாயை அளவாக வெட்டாமல் கொஞ்சம் நீளமாக விட்டு, மிச்ச நுனியை வீங்கிய இறங்கு பகுதிக்குள் சும்மா தொங்கவிடுவார்கள். வாரங்களோ மாதங்களோ கழித்து இடது பக்கமாகத் திறக்கும்போது, தழும்பேறிக் கிடக்கும் வளைவைத் தொடவே வேண்டாம். தொங்கும் நுனியைப் பிடித்து, அங்கேயே கிளாம்ப் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இடுக்கி) போட்டு, அடுத்த குழாயைத் தைத்துவிடலாம். பிறகு தொங்கும் பகுதிக்குள் ஸ்டென்ட் வைத்து விறைப்பாக்கிய உறைந்த தும்பிக்கை வந்தது. 1990களில் ஜப்பானியர்கள் தொடங்கிய வழி அது. விறைப்பான நுனி இறங்கு பகுதியின் மேல்பாகத்துக்கு அப்போதே உள்ளே புறணி போட்டுவிடும் என்பதால் சிலருக்கு இரண்டாவது கட்டம் தேவைப்படாமலே போகிறது. அல்லது தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் அனுப்பி அதோடு இணைத்துவிடலாம்.

இரண்டு கட்டங்களுக்கும் இடைப்பட்ட காலம்தான் பயம். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு தேறிவிட்டது, நன்றாக இருக்கிறேன் என்று இரண்டாவதைத் தள்ளிப்போடுவார்கள். கீழே இருக்கும் வீக்கம் வெடித்து, காத்திருக்கும்போதே இறந்தவர்கள் எல்லா மையங்களின் கணக்கிலும் உண்டு. முதல் டிஸ்சார்ஜ் அன்றே இரண்டாவதற்குத் தேதி கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இடது பக்கம் திறக்கும்போது

மார்பும் வயிறும் சேர்ந்த வீக்கங்களை 1986-இல் ஸ்டான்லி க்ராஃபோர்ட் நான்கு வகையாகப் பிரித்தார், ஐந்தாவது வகை பிறகு சேர்ந்தது. இரண்டாம் வகைதான் நீளமானது. இடது கைக்குக் கிளை பிரியும் இடத்தில் தொடங்கி, சிறுநீரகக் கிளைகளுக்கும் கீழே, தமனி இரண்டாகப் பிரியும் இடம் வரை போகும். அதைச் சரிசெய்வது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

நோயாளியை வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். இடது தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் தொடங்கும் வெட்டு, விலா இடுக்கு வழியே வந்து வயிற்றின் நடுக்கோட்டில் திரும்பித் தொப்புளைத் தாண்டிப் போகும். இடது நுரையீரலின் காற்றை இறக்கி ஒதுக்கிவைப்பார்கள். உதரவிதானத்தின் ஒரு பகுதியை வெட்டுவார்கள். இதயத்தின் இடது பக்கத்திலிருந்து ரத்தத்தை எடுத்து, ஒரு பம்ப் வழியாகக் கீழ்ப்பகுதித் தமனிக்கு அனுப்புவார்கள். மேலே கிளாம்ப் போட்டிருக்கும்போதும் சிறுநீரகம், குடல், கால்களுக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம் மேல்முனைத் தையல். அது முடிந்ததும் வீங்கிய தமனியை நெடுக்கத் திறப்பார்கள். பின்சுவரில் விலா இடைத் தமனிகளின் துளைகள் ஜோடி ஜோடியாகத் தெரியும். அவற்றில் பெரியதைத் தேர்ந்தெடுத்துப் புதுக் குழாயோடு இணைப்பார்கள், ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன். சிறுநீரகத் தமனிகளின் வாயில் சிறு குழாய் செருகிக் குளிர்ந்த திரவம் ஏற்றுவார்கள். கல்லீரல், குடல், சிறுநீரகக் கிளைகளை ஒன்றாகச் சேர்த்து, சுற்றியுள்ள சுவரோடு வெட்டியெடுத்து ஒரே தையலில் வைப்பது பழைய வழி. மார்ஃபான் நோயாளிகளிடம் அந்தச் சிறு சுவர்த் துண்டே பிற்காலத்தில் வீங்கிவிடுவதால், அவர்களுக்கு நான்கு கிளையுள்ள குழாய் வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தைக்கிறார்கள். கடைசியில் கீழ்முனை. காலையில் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும்.

இந்த ஆபரேஷனில் எல்லோரும் பயப்படுவது தண்டுவடத்துக்குத்தான். தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்குப் பெரும்பங்கு ரத்தம், விலா இடைத் தமனிகளில் ஏதோ ஒன்றிலிருந்து பிரியும் ஆடம்கிவிட்ஸ் தமனி வழியாகப் போகிறது. பெரும்பாலும் இடது பக்கம், மார்பு முள்ளெலும்புகளின் அடிப்பகுதியில் அது இருக்கும். ஆனால் இடம் ஆளுக்கு ஆள் மாறும். அது தடைப்பட்டால் இரண்டு கால்களும் செயலிழந்துவிடலாம். துளைகளில் பெரியதைத் தேடி இணைப்பது இதற்காகத்தான். இன்னொரு தற்காப்பு, கீழ்முதுகில் மெல்லிய குழாய் வைத்துத் தண்டுவடத் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிடுவது. சுற்றியிருக்கும் திரவத்தின் அழுத்தம் குறைந்தால் தண்டுவடத்துக்குள் ரத்தம் சுலபமாக ஏறும். 2002-இல் ஜோசஃப் கொசெல்லியின் குழு வெளியிட்ட 145 பேர் ஆய்வில், திரவத்தை வடித்தவர்களில் 2.6 சதவீதத்தினருக்கும் வடிக்காதவர்களில் 13 சதவீதத்தினருக்கும் கால் பலவீனமோ செயலிழப்போ வந்தது. அதன்பிறகு இது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது.

ஐ.சி.யூ.வில் மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்பது "கால் விரலை ஆட்டுங்கள்" என்பதுதான். நர்ஸ் மணிக்கொரு தரம் அதையே கேட்டுக் குறித்துக்கொண்டிருப்பார். முதல் நாள் நன்றாக ஆட்டியவருக்கு மூன்றாம் நாள் ரத்த அழுத்தம் இறங்கியதால் கால் போனதும் உண்டு. உடனே அழுத்தத்தை ஏற்றி, திரவத்தை வடித்தால் பலருக்குத் திரும்பி வந்துவிடும். இதனால் வீட்டாருக்கு ஒரு குழப்பம் வரும். ஆபரேஷனுக்கு முன்பு பி.பி.யைக் குறை குறை என்றவர்கள் இப்போது ஏற்றுகிறார்களே என்று. இரண்டுமே சரி. முதலில் காப்பாற்ற வேண்டியது சுவர், இந்த நாட்களில் தண்டுவடம்.

ஆபத்து எவ்வளவு? ஹூஸ்டனில் கொசெல்லியின் குழு செய்த 3,309 அறுவை சிகிச்சைகளின் தொகுப்பு 2016-இல் வெளிவந்தது. அதில் இறப்பு 7.5 சதவீதம், நிரந்தரக் கால் செயலிழப்பு 2.9 சதவீதம். இது உலகிலேயே அதிக அனுபவமுள்ள ஒரு குழுவின் எண். எப்போதாவது ஒன்று செய்யும் இடத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. ஆஸ்பத்திரி தேர்ந்தெடுக்கும்போது, கட்டடத்தைப் பார்ப்பதைவிட "இந்த ஆபரேஷன் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்" என்று கேட்பது பலன் தரும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

திறக்காமல் செய்யும் வழி

1987-இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வோலோடோஸ் மார்புப் பெருந்தமனியிலும், 1990-இல் புவெனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி வயிற்றுப் பெருந்தமனியிலும் தொடை வழியாகவே கிராஃப்ட்டை வைத்துக் காட்டினார்கள். துணி போர்த்திய ஸ்டென்ட் உள்ளே விரிந்து, ரத்தம் அதற்குள்ளேயே ஓடும். வெளியே இருக்கும் வீக்கப் பைக்கு அழுத்தம் போகாது. கிளைகள் இருக்கும் இடத்துக்கு, துளையோ கிளையோ வைத்த கிராஃப்ட்களை நோயாளியின் ஸ்கேனைப் பார்த்து அளவெடுத்துச் செய்து தருகிறார்கள். செய்து வர வாரக்கணக்கில் ஆகும், விலையும் கூடுதல்.

வயதானவர்களுக்கும் நுரையீரல் சரியில்லாதவர்களுக்கும் இது பெரிய வரம். மார்ஃபான் போன்ற நோயுள்ள இளைஞர்களுக்கு முதல் தேர்வாக இதை வைக்க மாட்டார்கள். ஸ்டென்ட் பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தின் சுவரே நாளைக்கு அகன்றுவிடும் அல்லவா? ஏற்கெனவே வைத்த டேக்ரான் குழாயில் பிடித்துக்கொள்ள முடியுமானால் அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்த பிறகு

இங்கிருந்து நோயாளியின் பங்கு தொடங்குகிறது. மாற்றாமல் விட்ட பகுதி இன்னமும் அதே நோயுள்ள தமனிதான். தையல் போட்ட இடத்தில் வருடங்கள் கழித்துக் கசிந்து போலி வீக்கம் வரலாம். ஸ்டென்ட் கிராஃப்ட் என்றால் எண்டோலீக், அதாவது வீக்கப் பைக்குள் மறுபடி ரத்தம் புகுவது வரலாம். கிராஃப்ட்டின் முனை வழியாகவோ, இணைப்பு விட்டோ புகுந்தால் உடனே சரிசெய்ய வேண்டும். பக்கக் கிளைகளிலிருந்து பின்னோக்கி வந்தால், பை பெரிதாகாத வரை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பிரிட்டனில் 1,252 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று, வயிற்று அன்யூரிசத்துக்குத் திறந்த அறுவையையும் ஸ்டென்ட் கிராஃப்ட்டையும் 15 வருடம் வரை ஒப்பிட்டது. தொடக்கத்தில் ஸ்டென்ட்தான் பாதுகாப்பாக இருந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு கதை மாறியது. ஸ்டென்ட் வைத்தவர்களிடம் அன்யூரிசத்தால் வரும் மரணம் கூடியது. பெரும்பாலும் காரணம், பை பின்னாளில் வெடித்ததுதான். இரண்டு ஸ்கேன் நார்மல் என்று வந்ததும் மூன்றாவதை விட்டுவிடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றும்.

வழக்கமான அட்டவணை: ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்தில் ஒரு சி.டி., ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ இன்னொன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று. டைசெக்‌ஷன் மிச்சமிருந்தால் முதல் வருடத்தில் கூடுதலாக எடுப்பார்கள். திறந்த அறுவைக்குப் பிறகு எல்லாம் நிலையாக இருந்தால் இடைவெளியை நீட்டிக்கலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமாக முடிவெடுக்கக் கூடாது. இளம் வயதுக்காரர்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கதிர்வீச்சு சேரும் என்பதால் முடிந்தபோது எம்.ஆர்.ஐ. நல்லது. வயிற்றில் வைத்த ஸ்டென்ட்டை அல்ட்ராசவுண்டிலும் தொடரலாம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை ஏற்றாமல் எடுக்கும் சி.டி.யிலேயே அகலத்தை அளந்துவிடலாம். ஸ்கேனுக்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைச் செய்யச் சொல்வதன் காரணமும் இதுதான்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம் ஒன்று உண்டு. 48 மி.மீ. என்று போட்டிருந்தால் எந்த இடத்தில் என்று பாருங்கள். தமனி சாய்வாகப் போகும் இடத்தில் குறுக்கே நேராக அளக்காமல் சரித்து அளந்தால் அளவு கூடுதலாக வரும். ஏறு பகுதி துடிப்போடு அசைவதால், ஈ.சி.ஜி.யோடு ஒத்திசைத்து எடுத்தால்தான் படம் தெளிவாக இருக்கும். போன முறை ஒரு சென்டர், இந்த முறை வேறு சென்டர் என்றால் 2 மி.மீ. வித்தியாசம் உண்மை வளர்ச்சியா, அளந்த விதமா என்று சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு ரிப்போர்ட்டும் முந்தைய ஸ்கேனோடு மட்டும் ஒப்பிட்டு "குறிப்பிடத்தக்க மாற்றமில்லை" என்று எழுதப்படும். மூன்று வருடம் தொடர்ந்து 2 மி.மீ. கூடினால் மூன்று ரிப்போர்ட்டிலும் அதே வரிதான் இருக்கும். ஆனால் கூடியிருப்பது 6 மி.மீ. அதனால் முதல் ஸ்கேனோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பழைய ஸ்கேன்கள் பதிவான குறுந்தகடுகள் வேண்டும். ஃபிலிமும் அச்சிட்ட தாளும் போதாது. தகடு கெட்டுப்போகும் என்பதால் பென்டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாய், எந்த அளவு, எந்தத் தேதி என்ற விவரமுள்ள டிஸ்சார்ஜ் சம்மரியின் போட்டோவும் செல்போனில் இருக்கட்டும்.

ஐ.சி.யூ. நாட்கள் தாண்டிய பிறகு ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே இருப்பது நல்லது. இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை, துடிப்பு குறைகிறது, சோர்வாக இருக்கிறது என்று தானாக நிறுத்தக் கூடாது. நடை, மெதுவான சைக்கிள் எல்லாம் சரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்குவது மட்டும் வேண்டாம். கேஸ் சிலிண்டரை நகர்த்துவதும் அதில் சேர்த்திதான். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் இதே காரணத்துக்காக.

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் பற்றி 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு, வேறு வழி இருக்கும்போது இவற்றைத் தர வேண்டாம் என்பது அதன் சாரம். வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் மாத்திரைகள் இவை. எந்த டாக்டரிடம் போனாலும் "எனக்குப் பெருந்தமனியில் வீக்கம் இருக்கிறது, ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். செயற்கை வால்வும் வைத்திருந்தால் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் தேவை. பல் டாக்டருக்கும் தெரிய வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் விடாமல் அடித்தால் குழாயில் தொற்றா என்று பார்க்க வேண்டும். வைத்த குழாயில் கிருமி பிடித்தால் மாத்திரையால் அது போவது கடினம்.

ஒருவருக்கு மார்பு அன்யூரிசம் என்று தெரிந்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எக்கோவும் தேவையானால் சி.டி.யும் எடுத்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் மரபணுக் கோளாறு எது என்று கண்டுபிடித்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அந்தக் கோளாறு இல்லாத பிள்ளையை வருடாவருடம் ஸ்கேனுக்கு அலைக்கழிக்க வேண்டியதில்லை. இருக்கும் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே மாத்திரை தொடங்கலாம். பெண்ணாக இருந்தால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே தமனியின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்ஃபான் உள்ள பெண்களுக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்தை ஒட்டிய நாட்களிலும் தமனி கிழியும் ஆபத்து அதிகம். சிலருக்குத் தமனியின் வேரை, அதாவது இதயத்தை ஒட்டிய தொடக்கப் பகுதியை, முதலில் மாற்றிவிட்டுத்தான் குழந்தை பற்றி யோசிக்கச் சொல்வார்கள். கல்யாணப் பேச்சில் கெட்ட பெயர் வந்துவிடும் என்று பெண்ணின் ஸ்கேனைத் தள்ளிப்போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த எக்கோவை அவளுக்குப் பதினெட்டு ஆவதற்குள்ளேயே ஒருமுறை எடுத்துவிடுங்கள்.